வீட்டு நிலத்தில் அந்நியர் கார்: முதலில் கிராண்டை எடுத்துப் பாருங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு கார்னர் லாட் (தெரு மூலை மனை) வீடு இருக்கிறது. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம், இப்போது தாமான் (வீடமைப்புப் பகுதி). பக்கவாட்டில் வேலி போடாத புல்தரை. எதிர் வரிசையில் கார் பட்டறை, கொஞ்சம் தள்ளிக் கோயில். பட்டறைக்கு வரும் கார்கள், வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறவர்களின் கார்கள், யார் எவர் என்றே தெரியாதவர்களின் கார்கள் எல்லாம் எங்கள் புல்தரையில்தான் நிற்கின்றன. சில சமயம் கேட்டையே மறித்து நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அண்மையில் ஒரு மைவி கார் குறுக்கே நின்றதால் நேரத்துக்குப் போக முடியவில்லை. மகன் டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்கிறான். என் அண்ணன் காரை இழுத்துப் போகும் டோ லாரியைக் கூப்பிடச் சொல்கிறார். நான் பெயிண்ட் டின்களில் சிமெண்ட் ஊற்றி ரோட்டோரம் வரிசையாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எது சரி? இத்தனை வருடம் சும்மா விட்டதால் அந்த இடத்தில் அவர்களுக்கு உரிமை வந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். உரிமை வராது. எத்தனை ஆண்டு ஒருவர் உங்கள் நிலத்தை அனுபவித்தாலும், அதை மீட்க நீங்கள் வழக்குப் போடுவதற்கு அது தடையாகாது என்று மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 341வது பிரிவு சொல்கிறது. பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் நிலம் கைமாறிவிடும் என்கிற பேச்சு வேறு நாட்டுச் சட்டத்தைக் கேட்டுவிட்டுச் சொல்வது. நம் நாட்டில் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்.

அந்தக் கிராண்டில் இருந்துதான் உங்கள் வேலையே தொடங்க வேண்டும். நில அலுவலகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது: ஆள் கோபமாக வருவார், கையில் கார் படம் நிறைய இருக்கும், ஆனால் கார் நின்ற இடம் யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. உங்கள் கடிதத்திலும் மூன்று இடங்கள் கலந்து கிடக்கின்றன: புல்தரை, கேட்டுக்கு முன்பகுதி, ரோட்டோரம். மூன்றுக்கும் சட்டம் வேறு, புகார் கொடுக்கும் இடமும் வேறு.

கார்னர் லாட்டில் இந்தக் குழப்பம் அதிகம். நாம் புல் வெட்டுகிறோம், வாழை நடுகிறோம், அதனால் ரோட்டு விளிம்பு வரை நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். பல தாமான்களில் லோங்காங்கும் (சாக்கடைக் கால்வாயும்) அதற்கு அப்பால் இருக்கும் புல்லும் சாலை ரிசர்வ், அதாவது அரசாங்க நிலம். உங்கள் கிராண்டில் நிலத்தின் பரப்பளவும் லாட் எண்ணும் இருக்கும், வரைபடமும் இணைத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு மகனோடு மூலைகளில் எல்லைக் கல்லைத் தேடுங்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. மண்ணோடு மண்ணாகப் பதிந்த சின்ன இரும்புக் குழாயாகவோ சிமெண்ட் கல்லாகவோ, புல் மூடிக் கிடக்கும். மண்வெட்டியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள், பிடுங்கிவிடாதீர்கள். எல்லைக் கல்லை நகர்த்துவது குற்றம். கல் அகப்படவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். செலவு ஆகும்தான். ஆனால் தவறான இடத்தில் வேலி போட்டுவிட்டு இடிப்பதைவிட அது குறைவு.

சரி, புல்தரை உங்கள் எல்லைக்குள்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அனுமதி இல்லாமல் கார் நிறுத்துவது சிவில் சட்டப்படி அத்துமீறல். புல் கெட்டுப் போகாவிட்டாலும், ஒரு காசு நட்டம் இல்லாவிட்டாலும் அத்துமீறல்தான். ஆனால் போலீசைக் கூப்பிட்டால் 'தானா பெர்செண்டிரியான் (தனியார் நிலம்), நாங்கள் இழுக்க முடியாது' என்பார்கள். அது தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், தனியார் வைத்துப் பராமரிக்கும் வழிகளைச் 'சாலை' என்ற சொல்லில் சேர்க்கவில்லை. அதனால் புல்தரையைப் பொறுத்தவரை உங்களுக்கு நிரந்தரமாகக் கைகொடுக்கப் போவது வேலிதான். சுவர் எழுப்பப் பணம் இல்லை என்றால் நான்கு இரும்புக் கம்பமும் ஒரு சங்கிலியும்கூடப் போதும். வேலியும் சுவரும் கட்டடச் சட்டத்துக்குள் வருகிறவை, ஆகவே ஆள் வைத்து வேலையைத் தொடங்குமுன் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சுங்கை சிப்புட் அவர்களுடைய ஆட்சிப் பகுதிதான்.

வேலி வரும் வரை ஒரு பலகை வையுங்கள். தமிழில் மட்டும் எழுதாதீர்கள். 'தானா பெர்செண்டிரியான். டிலாராங் மெலெத்தாக் கென்டராஆன்' (தனியார் நிலம், வண்டி நிறுத்தத் தடை) என்று மலாயில் பெரிதாகவும், கீழே தமிழிலும் சீனத்திலும் சிறிதாகவும் எழுதுங்கள். உங்கள் லாட் எண்ணையும் போடுங்கள். தெரியாமல் நிறுத்தினேன் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாதபடி செய்வதுதான் இந்தப் பலகையின் வேலை.

கேட்டுக்கு முன்னால் மறித்து நிறுத்துவது வேறு கதை. அது நடப்பது பொதுச் சாலையில், ஆகவே இங்கே சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது. மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ அளவுக்கு மீறிய இடைஞ்சலோ உண்டாகும்படி நிற்கும் வண்டி மீது போலீஸ் நடவடிக்கை எடுக்க அதே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48வது பிரிவு இடம் தருகிறது. சக்கரத்தைப் பூட்டலாம், இழுத்தும் போகலாம். 'அஞ்சு நிமிஷம்தான் அம்மா' என்பது சட்டத்தில் இல்லாத சாக்கு. பக்கத்துப் போலீஸ் நிலையத்தின் நேரடி எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். கூப்பிடும்போது கார் எண், நிறம், தெருப் பெயர், அப்புறம் முக்கியமாக 'டயாலிசிஸ் நோயாளி வீட்டுக்குள் இருக்கிறார், வெளியே எடுக்க வழியில்லை' என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்த நேரத்தில் கார் மறித்து நின்றால் யோசிக்க வேண்டாம், 999தான். டயாலிசிஸ் தள்ளிப்போவது உயிர் விஷயம். இந்த இடத்தில் கூச்சப்படாதீர்கள், அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றும் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, ரோட்டோரம். இங்கே உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு நேர் எதிரே இருந்தாலும் ரோடு உங்களுடையது இல்லை. கேட்டை மறிக்காமல், வளைவை அடைக்காமல், ரோட்டோரம் ஒழுங்காக நிற்கும் காரை நீங்கள் எதுவும் செய்ய முடியாது. சிமெண்ட் ஊற்றிய பெயிண்ட் டின்னை அங்கே வைத்தால் குற்றம் உங்கள் மேல் திரும்பும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46வது பிரிவு பொது இடத்தில் தடை வைப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை 500 வெள்ளி (ரிங்கிட்) வரை, மறுமுறை 1,000 வெள்ளி வரை அபராதம். பழைய நாற்காலி, பூந்தொட்டி, மஞ்சள் கூம்பு எல்லாம் இதில் அடங்கும். இரவில் மோட்டார் சைக்கிளில் வரும் பையன் அந்த டின்னில் மோதினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே டின்கள் உங்கள் எல்லைக் கல்லுக்கு உள்ளே இருந்தால் ரோட்டை மறித்ததாகாது.

மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: வண்டியைத் தொடக் கூடாது. டயரைக் குத்துவது, கீறுவது, கண்ணாடியில் பசை போட்டுத் தாள் ஒட்டுவது எல்லாம் அடுத்தவன் சொத்துக்குச் சேதம். குற்றவியல் சட்டத்தின் 427வது பிரிவில், சேதம் 25 வெள்ளியைத் தொட்டாலே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. காற்றை மட்டும்தானே இறக்கினேன் என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தைப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும். காரை நிறுத்தியவன் புகார் கொடுத்தவனாகிவிடுவான், உங்கள் மகன் பதில் சொல்கிறவனாகிவிடுவான். எழுதிய தாளை வைப்பரில் செருகி வைத்தால் போதும்.

அண்ணன் சொல்கிற டோ லாரியும் அதே ஆபத்துதான். உங்கள் நிலமாகவே இருந்தாலும், நீங்களாக ஆள் வைத்து இழுத்தால் பம்பர் கழன்றது, கியர் பெட்டி போனது என்று ஒவ்வொன்றும் உங்கள் கணக்கில் எழுதப்படும். காருக்குள் ஏதோ இருந்தது, காணோம் என்றும் சொல்வார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பிரச்சினையை நிஜமாகத் தீர்க்கக்கூடிய இடங்கள் இரண்டு: பட்டறையும் கோயிலும். கார்கள் நூறு இருக்கலாம், வரும் வாசல் இரண்டுதான்.

பட்டறை முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், வேலை இல்லாத காலை நேரமாகப் பார்த்து. ஒரு வாரத்துக் கார் எண்களை எழுதிக்கொண்டு போங்கள், எல்லாம் தன் வாடிக்கையாளர்களுடையது என்று அவருக்கே தெரியும். கேட்கவில்லை என்றால் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். அவருடைய தொழில் உரிமம் அவர்கள் கையில் இருக்கிறது. கழற்றிப் போட்ட காரைப் பொதுச் சாலையில் வைத்து வேலை பார்ப்பதும் தடை வைப்பதுதான். ஓட்டுநர்கள் ஒவ்வொருவரோடும் சண்டை போடுவதைவிட இந்த ஒரு கடிதம் அதிகம் பேசும்.

கோயில் விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளுங்கள். அங்கே வருகிறவர்கள் நம் ஜனங்கள், நாளைக்கு உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் வரப் போகிறவர்கள். தலைவரிடமும் செயலாளரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் புல்தரையை விட்டுத் தருகிறேன், கேட்டுப் பக்கம் ஒரு தொண்டர் கயிறு பிடித்து நிற்கட்டும், தைப்பூசம் திருவிழா நாட்களுக்குத் தனியாகப் பேசிக்கொள்வோம் என்று சொல்லலாம். விட்டுத் தர மனம் இல்லை என்றால் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. விட்டால் அதை ஒரு தாளில் எழுதி, 'உரிமையாளர் அனுமதியுடன், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்' என்று ஒரு வரி சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த அனுமதி உங்கள் உரிமையைக் குறைக்காது. நிலம் உங்களுடையது என்று அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. பூசை நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு தடவை அறிவித்தால் போதும், பாதிக் கார் தானாகக் குறைந்துவிடும்.

இத்தனைக்கும் மசியாத ஒருவர் திரும்பத் திரும்ப நிறுத்தினால், படம் எடுங்கள். கார் எண் மட்டும் இல்லாமல் உங்கள் பலகையும் வீட்டுச் சுவரும் சேர்ந்து தெரிய வேண்டும். தேதி, நேரம், என்ன பேசினார் என்பதை ஒரு பழைய காலண்டரில் குறித்து வையுங்கள். போலீஸ் ரிப்போர்ட் போட்டு அதன் நகலை வாங்குங்கள். புல்தரை, வேலி, குழாய் என்று நட்டம் ஏற்பட்டிருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல், 198ஆம் எண் பாரத்தை நிரப்பி நீங்களே தாக்கல் செய்யலாம். எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும், அதுதான் இதில் சிரமம். இனி நிறுத்தவே கூடாது என்று தடையுத்தரவு வாங்க வேண்டுமானால் அது இதில் வராது, வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுக்குமாடி வீடு என்றால் நிலைமையே வேறு. அங்கே நிர்வாகக் குழு தவறாக நிற்கும் காரைப் பூட்டி 200 வெள்ளி வரை கட்டணம் விதிக்க 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிகள் இடம் கொடுக்கின்றன. அந்த அதிகாரம் குழுவுக்குத்தான், வீட்டுக்காரருக்கு இல்லை. குழு அசையவில்லை என்றால் உள்ளூராட்சியில் இருக்கும் கட்டட ஆணையரிடம் போகலாம். இன்னும் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்கு நிலம் கம்பெனியுடையது, ஆகவே பேச வேண்டியது தோட்ட ஆப்பீசில்.

அம்மா, உங்கள் வீடு முச்சந்தியில் இருப்பது இதில் உங்களுக்குச் சாதகம். வளைவில் கார் நின்றால் எதிரே வருவது தெரியாது, குப்பை லாரி திரும்பாது, தீயணைப்பு வண்டி நுழையாது. நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதும்போது 'என் வீட்டு முன் நிறுத்துகிறார்கள்' என்று தொடங்காதீர்கள். முச்சந்தி வளைவிலும் கேட்டு முகப்பிலும் மஞ்சள் கோடு போட்டுத் தரும்படி கேளுங்கள். அதே வரிசையில் இருக்கும் நாலைந்து வீட்டாரின் கையெழுத்தைச் சேருங்கள், மலாய்க்காரர், சீனர் எல்லோரையும் கேளுங்கள், அவர்களுக்கும் இதே தொல்லை இருக்கும். கிராண்டு நகல், படங்கள், டயாலிசிஸ் நிலையம் கொடுத்த நேர அட்டையின் நகல் மூன்றையும் இணைத்து, அலுவலக முகப்பில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரையைக் குத்தச் சொல்லி ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த முத்திரை போட்ட பிரதியோடு மறுபடியும் போங்கள்.