பூஸ்ட் பொத்தானும் பெங்களூரு லைக்கும்

விளம்பரம், போன் பற்றிக் கேட்டு இம்முறை வந்த கடிதங்களில் பாதி மாம்பழ வியாபாரத்தைப் பற்றியவை. சித்திரை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் விளம்பரக்காரனுக்கும் சீசன்தான். ஊர், தொழில், செலவழித்த தொகை மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சுகிறேன். "விளம்பரம் போட்டேன், பலன் இல்லை, ஏன்?" என்று ஒற்றை வரி எழுதியவர்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். 5,000 எம்ஏஎச் போனுக்கு இரண்டு முறை சார்ஜ் ஏற வேண்டாமா? ஒன்றேகால் முறைதான் ஏறுகிறது. (பாலக்கோடு)

பதில்: உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், 10,000 என்பது அதன் கணக்கு. போனுக்கு வருவது 5 வோல்ட். மாற்றும்போது போவதும் சூடாகப் போவதும் கழிந்து ஆறாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். உங்களுக்கு வந்தது நியாயமான அளவு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் போர்வெல் மோட்டார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாளே மோட்டார் விளம்பரம் வருகிறது. போன் ஒட்டுக் கேட்கிறதா? (தர்மபுரி)

பதில்: ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. பேசிய பிறகு யாரோ ஒருவர் விலை தேடியிருப்பார். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களை ஒரே வீடாகக் கணக்கிடுவது விளம்பர உலகின் பழைய வழக்கம். மைக்கை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா சொல்கிறது. அதை நம்பவில்லையென்றால் எந்தெந்தச் செயலிக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும்.

கேள்வி: மாம்பழத்தைப் பெட்டியாக வீட்டுக்கே அனுப்புகிறோம். ஃபேஸ்புக்கில் பதிவைப் பலருக்குக் காட்டச் சொல்லி 5,000 ரூபாய்க்கு பூஸ்ட் செய்தோம். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள், மூவாயிரம் லைக் விழுந்தது. வந்த அழைப்பு பதினொன்று, அதில் ஒன்பது கன்னடம். ஒரு பெட்டிகூடப் போகவில்லை. ஃபேஸ்புக்கே வீண்தானா? கணக்கைத் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். (மாந்தோப்புக்காரர், கிருஷ்ணகிரி)

பதில்: ஃபேஸ்புக் வீணில்லை, பூஸ்ட் பொத்தான்தான் வீண். இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது? பதிவுக்குக் கீழே நீலமாகக் கண் சிமிட்டும் அந்தப் பொத்தான் அவசரக்காரர்களுக்காக வைத்தது. குறிக்கோளை மாற்றாமல் அழுத்தினால், லைக் போடுகிறவர்களைத் தேடிப் பிடி என்று நீங்களே உத்தரவு கொடுத்ததாக ஆகிறது. கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைத்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறது. மூவாயிரம் லைக்கை மண்டியில் எடை போட முடியுமா?

அடுத்து, இரண்டு லட்சம் என்பது ஆள் கணக்கில்லை. விளம்பரம் திரையில் வந்து போன தடவைகள். ஒரே ஆளுக்கு மூன்று நான்கு முறை காட்டியிருக்கும். பக்கத்திலேயே ரீச் என்று இன்னொரு எண் இருக்கும், அதுதான் ஆள் கணக்கு. அது அறுபதாயிரத்தைத் தாண்டினால் பெரிது.

கன்னட அழைப்புக்குக் காரணம் வட்டம், அதாவது ஊரைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்குள் விளம்பரம் காட்ட வேண்டும் என்று நீங்கள் குறிக்கும் எல்லை. எத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. முழு 80 கி.மீ. இழுத்திருப்பீர்கள், வேறென்ன! சாலை வழியாகப் பெங்களூரு நமக்கு 90 கி.மீ. தள்ளி இருக்கிறது, ஆனால் இயந்திரம் நேர்கோட்டில் அளக்கிறது. கிருஷ்ணகிரியை நடுவில் வைத்து 80 கி.மீ. வட்டம் போட்டால் எலெக்ட்ரானிக் சிட்டி, கோலார், குப்பம் எல்லாம் உள்ளே வந்துவிடும். போன்கள் எங்கே நெருக்கமோ அங்கே பணம் ஓடும். காவேரிப்பட்டணத்துக்கும் பர்கூருக்கும் மிச்சம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஓசூர் உணவகம் ஒன்றுக்கு 25 கி.மீ. வட்டம் போட்டு, முக்கால்வாசிப் பணத்தை எல்லை தாண்ட விட்டவன். சொந்தக் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

பூஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு, ஃபேஸ்புக்கின் விளம்பர நிர்வாகப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போங்கள். குறிக்கோளாக அழைப்பையோ வாட்ஸ்அப் செய்தியையோ வையுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர், சேலம் என்று ஊர் ஊராகக் குறித்து, பெங்களூருவை விலக்குங்கள். மொழிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். தமிழ் படிப்பவர் பலர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 300 ரூபாய், ஐந்து நாள், நடுவில் கை வைக்காதீர்கள். பெங்களூருக்காரர் நல்ல வாடிக்கையாளர்தான். அவர் வேண்டுமென்றால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ தனி விளம்பரம் போடுங்கள், அனுப்பும் செலவையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.

விலை என்றதும் நினைவு வருகிறது. நீங்கள் அனுப்பிய பதிவில் விலையும் இல்லை, பெட்டிக்கு எத்தனை கிலோ என்பதும் இல்லை. செந்தூராவா, அல்போன்சாவா, இமாம் பசந்தா? "இயற்கையாகப் பழுத்தது" என்று மட்டும் போட்டால், கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரகத்தை அனுப்பிவிடுவாரோ என்று நம் ஊர்க்காரரே தயங்குவார். கடைசியாக, பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். தங்கை மகன் உதவியாளராக இருந்தால் போதும்.

கேள்வி: ஓசூரில் டயர் கடை. எத்தனை கி.மீ. வட்டம் போடலாம்?

பதில்: எட்டு. காரணம் மேலே இருக்கிறது.

கேள்வி: கூகுள் விளம்பரத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் 850 கூட வரவு வரவில்லையே? (ஊத்தங்கரை)

பதில்: 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்கில் பதியுங்கள், ஆடிட்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பர்கூரில் ஜவுளி வியாபாரம். வாட்ஸ்அப்பில் ஐந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் படம் அனுப்பினால் பாதிப் பேருக்குப் போவதில்லை.

பதில்: ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான். அவர்களிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே போகும். கடையில் ஒரு அட்டை மாட்டி எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். மொத்தமாக அனுப்பித் தருகிறோம் என்று மென்பொருள் விற்பவரிடம் போனால், எண்ணே முடங்கும்.

கேள்வி: "கூகுளிலிருந்து பேசுகிறோம், 4,000 ரூபாய் கட்டாவிட்டால் மேப்பில் உங்கள் மெஸ் இருக்காது" என்கிறார்கள். கட்டலாமா? (காரிமங்கலம்)

பதில்: கூடாது. மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம். ஓடிபி கேட்டால் போனை வையுங்கள். சொன்னால் கடையின் கணக்கு அவர்கள் பெயருக்குப் போய்விடும். ஏற்கெனவே கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.

கேள்வி: இணையதளம் செய்து கொடுத்த பையன் போனை எடுப்பதில்லை. தளத்தின் முகவரியான டொமைன் காலாவதி ஆகிறது.

பதில்: யார் பெயரில் பதிந்தது? அவர் பெயரில் என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு முறையும் இதைத்தானே எழுதுகிறேன்: கணக்கு உங்கள் பெயரில், மின்னஞ்சல் உங்களுடையது.

கேள்வி: பொருளைப் படமெடுக்க 108 மெகாபிக்சல் போன் வாங்கலாமா? (தர்மபுரி)

பதில்: சாதாரணமாக எடுக்கும்போது அது ஒன்பது பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். இருக்கும் போனின் லென்ஸைத் துடைத்துவிட்டு, காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக் குறை சொல்லவும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கீழே எழுதியிருக்கிறேன். (போச்சம்பள்ளி)

பதில்: முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றியதை எனக்கு எழுத வேண்டாம்.