ஓய்வு கொடுத்தது போதும்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ஓர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு நிமோனியா வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அதன் பிறகு நாங்கள் அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் தேறவில்லை. 54 கிலோ இருந்தவர் இப்போது 48 கிலோ. நாற்காலியில் கையை ஊன்றித்தான் எழுகிறார். ஊறுகாய் பாட்டிலைக்கூடத் திறக்க முடியவில்லை. எப்போதும் அசதி என்கிறார். போன மாதம் குளியலறையில் விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. வயதானால் இப்படித்தானா? டானிக் கொடுக்கலாமா? வாக்கிங் போகச் சொன்னால் மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பல் செட் தளர்ந்துவிட்டதால் கஞ்சியும் ரசம் சாதமும்தான் சாப்பிடுகிறார்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பல் செட் விஷயத்தை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

வயதானால் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வயதாவது வேறு, நலிவது வேறு. எண்பது வயதில் மாடிப்படி ஏறி வந்து என் முன்னால் உட்காருபவர்களும் உண்டு, அறுபத்தைந்தில் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. இந்த நலிவை அளந்து சொல்ல 2001-இல் லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைவது, அசதி, கைப்பிடியின் வலுக் குறைவு, நடை மெதுவாவது, உடல் இயக்கம் குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் நலிவு என்று பொருள். ஓராண்டில் ஐந்து சதவீத எடை குறைந்தாலே கணக்கில் சேரும். உங்கள் அம்மாவுக்குப் பதினொரு சதவீதம் குறைந்திருக்கிறது. அசதியும் ஊறுகாய் பாட்டிலும் நீங்களே எழுதியவை. நடையை அளந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இது எங்கே தொடங்கியது? நிமோனியாவில்தான். ஆனால் நிமோனியா குணமாகிவிட்டது, படுக்கை குணமாகவில்லை. நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலோ கிருமியோ இல்லாதவர்களுக்கே அந்த நிலை. உங்கள் அம்மா அந்த இழப்போடு வீடு திரும்பினார். திரும்பியவரிடமிருந்து துடைப்பத்தையும் கரண்டியையும் பாசத்தோடு பிடுங்கிவிட்டீர்கள். நான் திட்டவில்லை, என் வீட்டிலும் இதே தவற்றைச் செய்திருக்கிறோம். ‘நீங்க உட்காருங்கம்மா’ என்று ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்னால், எழுந்து உட்காரும் பயிற்சி பத்து முறை பறிபோகிறது என்பது அப்போது எங்களுக்கும் தெரியவில்லை.

டானிக்கைப் பற்றி: 1994-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் காப்பகம் ஒன்றில், சராசரி வயது 87 இருந்த நூறு பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்குக் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு ஏறவே இல்லை. டானிக் பாட்டிலுக்குச் செலவழிக்கிற பணத்தில் முட்டை வாங்குங்கள்.

ஆனால் முட்டைக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு கிலோ குறைந்ததற்கு நலிவை மட்டும் காரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. சர்க்கரைக் கட்டுப்பாடு, தைராய்டு, இரத்த சோகை ஆகியவற்றோடு காசநோய், புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் எடையைத் தின்னும். கிளிமிபிரைடு பற்றித் தனியாகக் கேளுங்கள். கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு, எடையும் குறைந்த ஒருவருக்குப் பழைய அளவிலேயே அந்த மாத்திரை போனால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், அப்புறம் விழுவது. நலிந்த முதியவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8 சதவீதம் வரை இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் நாங்கள் இப்போது நினைக்கிறோம். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். குளியலறையில் விழுந்ததற்கு இரத்த அழுத்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அழுத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். நின்றதும் மேல் அளவு இருபது குறைந்தால் அந்த மாத்திரையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இனி பல் செட். பல் இல்லாத ஈறு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். எடை குறைந்தால் கன்னமும் ஒட்டிப்போகும். பழைய செட் ஆடத்தான் செய்யும். ஆடினால் குத்தும், குத்தினால் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். அன்றிலிருந்து சுண்டல், மீன், முட்டை எல்லாம் தட்டிலிருந்து போய்விடும், மிஞ்சுவது கஞ்சி. பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் பல சமயம் அதே செட்டின் உட்பக்கத்தைச் சரிசெய்து தந்துவிடுவார். புதிது செய்ய வேண்டியதாக இருந்தாலும் தயங்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு நான் எழுதித் தரும் முதல் மருந்துச்சீட்டு இதுதான்.

ஒரு நாளைக்கு அவருக்கு ஐம்பது முதல் ஐம்பத்தெட்டு கிராம் புரதம் தேவை. கஞ்சியும் ரசம் சாதமும் பாதியைக்கூடத் தராது. ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு, கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, நூறு கிராம் மீனில் இருபது அளவுக்கு இருக்கிறது. பல் சரியாகும் வரை குழையக் குழைய வெந்த பருப்பு, தயிர், பொரியல் போலக் கிளறிய முட்டை என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பதினைந்து ஆண்டுச் சர்க்கரை என்பதால், முதலில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

வாக்கிங் இப்போது வேண்டாம். தொடையில் வலு இல்லாதவரைத் தெருவில் நடக்கவிட்டால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். முதலில் எழுந்து உட்காரட்டும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். உட்காரும் இடத்தில் ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழச் சொல்லுங்கள். பெரும்பாலோர் நேராக நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், அதனால்தான் கை தேவைப்படுகிறது. இறங்கும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தசை வளர்வதற்கு இறங்குவதும் ஏறுவதைப் போலவே முக்கியம். முதல் வாரம் ஐந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதானதும் தலையணையை எடுத்துவிடுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு, பிறகு ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. சுலபமாக இருந்தால் அது பயிற்சியே இல்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதையும், ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சொல்லித் தர ஆள் வேண்டுமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காய் நறுக்கட்டும், துணி மடிக்கட்டும், நின்றுகொண்டு தோசை வார்க்கட்டும்.

கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று இன்று கைப்பேசியில் பாருங்கள். ஒருமுறைகூட முடியவில்லை என்றால் அதையே எழுதி வையுங்கள். ஆசியர்களுக்குப் பன்னிரண்டு வினாடிதான் எல்லைக்கோடு, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வலு போதவில்லை என்று பொருள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, இரண்டு எண்களையும் எடையையும் எனக்கு எழுதுங்கள்.