யூஎம்எல், பிபிஎம்என், ஸ்டேட்சார்ட்: கேள்விகளும் பதில்களும்

அண்ணா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யூஎம்எல் (மென்பொருளின் அமைப்பையும் இயக்கத்தையும் படமாக வரையும் முறை) படம் 14 வகையும் போட வேண்டுமா?

வேண்டாம். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் யாக்கப்சன் என்ற மூன்று மென்பொருள் வல்லுநர்கள் தனித்தனியாக வைத்திருந்த முறைகளைச் சேர்த்து உருவானது யூஎம்எல். 1997-ல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. மூன்று குடித்தனச் சாமானும் ஒரே வீட்டுக்கு வந்தால் அப்படித்தான் நிறைந்து கிடக்கும். கிளாஸ் டயகிராமும் (என்னென்ன பாகங்கள், அவற்றின் உறவு என்ன) சீக்வென்ஸ் டயகிராமும் (எது எதற்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறது) போடுங்கள், போதும்.

வங்கியில் கடன் விண்ணப்பம் நகரும் விதத்தை வரைய வேண்டும் சார். ஃப்ளோசார்ட் போதாதா?

ஒரே ஆள் முடிக்கும் வேலை என்றால் போதும். இது கை மாறிக்கொண்டே போகும் வேலை, அதனால் பிபிஎம்என், அதாவது அலுவலக வேலை நகரும் விதத்தை வரையும் முறை. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பெரிய கட்டம், அதன் பெயர் பூல்: வங்கி ஒரு பூல், வாடிக்கையாளர் இன்னொரு பூல். கிளைக்கும் கடன் பிரிவுக்கும் வங்கி பூலுக்குள்ளே தனித்தனி லேன், அதாவது பட்டை. 'ஏழு நாளில் ஆவணம் வராவிட்டால் நினைவூட்டு' என்பதற்கு டைமர் ஈவென்ட் என்ற கடிகாரக் குறி இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: பூல் விட்டுப் பூல் போவது மெசேஜ் ஃப்ளோ, அதாவது துண்டு துண்டாக விட்டு விட்டு வரும் கோடு. முழுக்கோட்டை அங்கே இழுத்தால் தப்பு.

லிஃப்ட் கன்ட்ரோலர் எழுதுகிறேன். இஃப்-எல்ஸ் குவிந்து எனக்கே புரியவில்லை.

நல்ல கேள்வி. ஸ்டேட்சார்ட் வரையுங்கள்: ஒரு கருவி எந்தெந்த நிலையில் இருக்கலாம், எது நடந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று காட்டும் படம். 1980-களில் இஸ்ரேலின் லாவி போர் விமானத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தபோது கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல் உருவாக்கியது இது. எந்த நிலையில் எந்த பட்டனை அழுத்தினால் விமானம் என்ன செய்யும் என்பதைத் தெளிவாக எழுதிவைக்க அங்கே வழியில்லை.

சாதாரண ஸ்டேட் படத்தில், தனித்தனியாக இயங்கும் நான்கு பாகங்களுக்கு ஐந்தைந்து நிலை என்றால் 625 கட்டம் வரும். ஸ்டேட்சார்ட்டில் பாகங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் 20 தான். அப்புறம், நிலைக்குள் நிலை வைக்கலாம். ஓடுவது, நிற்பது, கதவு திறப்பது எல்லாவற்றையும் 'வழக்கம்' என்ற பெரிய கட்டத்துக்குள் போட்டு, அதன் விளிம்பிலிருந்து 'தீ எச்சரிக்கை'க்கு ஒரே அம்பு போதும். உங்கள் இஃப்-எல்ஸில் பாதி அந்த ஒரு அம்பில் அடங்கிவிடும் என்பது என் ஊகம்.

சிஸ்எம்எல் (யூஎம்எல்லை முழு இயந்திர அமைப்புகளுக்கும் விரித்த வரைமுறை) கற்கலாமா?

மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சாஃப்ட்வேர் மூன்றும் கலந்த வேலை என்றால் சரி. வெறும் வெப்சைட்டுக்கு வேண்டாம்.

கோட் மாறுகிறது, படம் பழசாகவே கிடக்கிறதே?

படத்தை எழுத்தாக வையுங்கள். எழுதிய வரிகளிலிருந்து படம் வரைந்து தரும் கருவிகளான பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் இரண்டும் அதற்குத்தான். கோட் இருக்கும் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) களஞ்சியத்திலேயே அந்த ஃபைலும் இருக்கட்டும். கோடைச் சரிபார்க்கும் ரிவ்யூவில், படத்தைத் திருத்தினீர்களா என்று ஒருவர் கேட்டாக வேண்டும். அப்படியும் யாரும் திருத்தாத படம் என்றால் யாருக்கும் தேவைப்படாத படம், அழித்துவிடுங்கள்.