27.26 என்று எழுதிய பெண்ணின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது நீங்கள் விட்டுச் சென்ற அரையாண்டு விடைத்தாளையும் பாப்பாவின் ரஃப் நோட்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டேன். நேரில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பி.காம். படித்தவர் நீங்கள், எண்களைக் கண்டு மிரள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் வாய்விட்டுக் கேட்டது ஒன்று: "ஒரு பிணைப்பாற்றல் கணக்குகூட ஒழுங்காகப் போட வரவில்லை, இவள் பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று அடம் பிடிக்கிறாளே, சரிப்பட்டு வருமா?" கேட்காமல் விட்டது இன்னொன்று. அவள் கூடங்குளம், கல்பாக்கம் என்று சொன்னபோதெல்லாம் உங்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன். இரண்டுக்கும் வருகிறேன்.

முதலில் மார்க். ஹீலியம் அணுக்கருவின் பிணைப்பாற்றல், அதாவது அதைத் தனித்தனித் துகள்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல், எவ்வளவு என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு மூன்று மார்க், அவளுக்குக் கிடைத்தது சைபர். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆக இயற்பியலில் மூன்று போனால் கட்-ஆஃபில் ஒன்றரை போகும். ஒன்றரை சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எப்படிப் போனது என்று பாருங்கள்.

ஹீலியம் அணுக்கருவில் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். நான்கையும் தனித்தனியாக நிறுத்துக் கூட்டினால் ஓர் எடை வரும். நான்கும் சேர்ந்து அணுக்கருவாக இருக்கும்போது நிறுத்தால் அதைவிடக் குறைவாக வரும். இந்தக் குறைவுக்குத்தான் நிறை குறைபாடு என்று பெயர். நகைக்கடைச் சேதாரம் மாதிரி என்று உங்கள் மகள் சொன்னாள். நல்ல உவமைதான், ஆனால் சேதாரம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது; இங்கே தெரியும். நான்கும் ஒன்றுசேர்ந்தபோது அந்த எடை ஆற்றலாக வெளியே போய்விட்டது. ஐன்ஸ்டீன் 1905-இல் சொன்ன கணக்குப்படி, ஓர் அணுநிறை அலகு காணாமல் போனால் 931 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். துல்லியமாகச் சொன்னால் 931.494; பிள்ளைகள் 931 என்று வைத்துக்கொண்டால் போதும். காணாமல் போன எடையை இதனால் பெருக்கினால் பிணைப்பாற்றல். கூட்டல், கழித்தல், பெருக்கல். அவ்வளவுதான் கணக்கு.

இவ்வளவு லேசான கணக்கில் வகுப்பில் பாதிப் பேர் ஏன் சறுக்குகிறார்கள்? பெரும்பாலும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களைச் சுருக்கிவிடுவதால். அணுநிறை அலகில் ஹைட்ரஜன் அணு (புரோட்டானுக்குப் பதில் இது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) 1.007825, நியூட்ரான் 1.008665, ஹீலியம் அணு 4.002603. முதல் இரண்டையும் இரண்டிரண்டாக எடுத்துக் கூட்டினால் 4.032980. ஹீலியத்தைக் கழித்தால் மிச்சம் 0.030377. மொத்த எடையில் இது முக்கால் சதவீதம்தான். ஒரு பவுன் தங்கம் எட்டு கிராம் என்றால் அதில் 60 மில்லிகிராம். அரிசிக்கடைத் தராசில் இதைப் பிடிக்க முடியுமா? எல்லாவற்றையும் 1.01, 1.01, 4.00 என்று சுருக்கி எழுதுகிற பிள்ளை அரிசிக்கடைத் தராசில் நகையை நிறுக்கிறது. அதற்கு 0.04 மிஞ்சும், விடை 37.24 என்று வரும். நான் ஆலோசனை சொல்ல ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த 37-ஐ எத்தனை விடைத்தாளில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்த 37-ஐ ஒரு பிள்ளை தானே பிடித்துவிடலாம். விடையை நியூக்ளியான் எண்ணிக்கையால், அதாவது புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து எண்ணி, வகுத்துப் பார்க்க வேண்டும். ஹீலியத்தில் நான்கு; 37.24-ஐ நான்கால் வகுத்தால் 9.3. இயற்கையில் எந்த அணுக்கருவுக்கும் நியூக்ளியானுக்கு 8.8-ஐத் தாண்டுவதில்லை. அப்படியானால் எங்கோ தப்பு, திரும்பப் போடு. பத்து விநாடி வேலை. பாப்பாவிடம் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

ஆனால் உங்கள் மகள் விட்ட தப்பு இது இல்லை. அவள் ஆறு தசம இடமும் விடாமல் எழுதியிருக்கிறாள். வர வேண்டிய விடை 28.28. அவளுக்கு வந்தது 27.26. அவள் ஹைட்ரஜன் அணுவின் நிறைக்குப் பதில் புரோட்டானின் நிறையை, அதாவது 1.007276-ஐ எடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அணுக்கருவுக்குள்ள புரோட்டான்தானே சார் இருக்கு, ஹைட்ரஜனா இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

விஷயம் என்னவென்றால், கேள்வியில் கொடுத்திருந்த 4.002603 ஹீலியம் *அணுவின்* எடை. சுற்றும் இரண்டு எலக்ட்ரான்களும் அதற்குள் அடக்கம். இந்தப் பக்கம் வெறும் புரோட்டான்களைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் எலக்ட்ரானோடு சேர்த்துக் கழித்தால், இரண்டு எலக்ட்ரானின் எடை கணக்கில் அதிகமாகக் கழிந்துபோகும். ஹைட்ரஜன் அணு என்பது ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும். அதை எடுத்தால் இரண்டு பக்கமும் எலக்ட்ரான் சரிக்குச் சரி அடிபட்டுவிடும். அதற்காகத்தான் அப்படி எடுக்கச் சொல்கிறார்கள். அந்தக் காரணத்தை வகுப்பில் யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

இனி நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கான காரணம். விடைத்தாளை விடுங்கள், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பேப்பர் கொடுத்த அன்று ராத்திரி எழுதியது போலிருக்கிறது. 28.28-இலிருந்து 27.26-ஐக் கழித்து, 1.02 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "இது எங்க போச்சு?" என்று எழுதியிருக்கிறாள். கீழே நாலைந்து முயற்சி. 1.02-ஐ 4-ஆல் வகுத்திருக்கிறாள். 2-ஆல் வகுத்து 0.51 என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அதோடு தூக்கம் வந்துவிட்டது போல.

ஓர் எலக்ட்ரானின் நிறையை ஆற்றலாக மாற்றினால் 0.511 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அவள் வாசல்வரை வந்துவிட்டாள், அம்மா. கதவைத் தட்டுவதுதான் பாக்கி. மார்க் போனதும் அழுகிற பிள்ளைகள் என்னிடம் நிறைய வருவார்கள். போன மார்க்கை விட்டுவிட்டு, தப்பான விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் இருக்கிற மிச்சம் என்ன என்று துருவுகிற பிள்ளை ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். பிசிக்ஸ் சரிப்பட்டு வருமா என்ற கேள்விக்கு என் பதில் அந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அவளிடம் ஒரு குழப்பம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிணைப்பாற்றல் என்றால் அணுக்கருவுக்குள் சேமித்து வைத்த ஆற்றல் என்று நினைத்திருந்தாள். நேர்மாறு. கிணற்றில் விழுந்த வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதாளக்கரண்டி போட்டு மேலே எடுக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ அதுதான் பிணைப்பாற்றல். ஆழம் கூடக் கூட வெளியே எடுப்பது கஷ்டம். இரும்பும் நிக்கலும் கிடப்பது ஆக ஆழமான இடத்தில், நியூக்ளியானுக்கு ஏறக்குறைய 8.8. யுரேனியம்-235 அவ்வளவு ஆழத்தில் இல்லை, 7.6 அளவில் நிற்கிறது. அது இரண்டாகப் பிளந்தால் துண்டுகள் 8.5 ஆழத்துக்குச் சறுக்கும். வித்தியாசம் 0.9, நியூக்ளியான்கள் 235. பெருக்கினால் 200-க்குக் கொஞ்சம் மேலே. அணு உலையில் ஒவ்வொரு பிளவிலும் வெளிவரும் ஆற்றல் அந்த அளவுதான். இதைச் சொன்னதும் அவள் "அப்போ இரும்பை உடைச்சா ஒண்ணும் கிடைக்காதா?" என்றாள். கிடைக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும்.

இதே கணக்கை 1938 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்வீடனில் குங்எல்வ் என்ற ஊரில், பனியில் நடக்கப் போன இடத்தில் ஒரு பெண் போட்டார். லிசே மைட்னர் என்ற இயற்பியலாளர். வயது 60. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்தார். அன்று பனியில் கூட இருந்தவர் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷ், அவரும் இயற்பியலாளர். பெர்லினிலிருந்து வந்த கடிதத்தில், யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் அதைவிட எவ்வளவோ லேசான பேரியம் கிடைக்கிறது என்று வேதியியலாளர் ஓட்டோ ஹான் எழுதியிருந்தார். அடிமரம் ஒன்றில் உட்கார்ந்து, கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கரு நிறைகளைக் கணக்கிடும் முறை மைட்னருக்கு மனப்பாடம். ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு எடை குறைகிறது, அதாவது சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. அணுக்கரு பிளந்திருக்கிறது என்பது அவர்களுக்கு அங்கேயே உறுதிப்பட்டது. பாப்பா மூன்று மார்க் விட்ட கணக்கின் அண்ணன்தான் அது.

சரி, படிப்புக்கு வருவோம். உங்கள் விருப்பம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவளுக்காக இரண்டு விண்ணப்பம் கூடுதலாகப் போடுங்கள். ஒன்று நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு. அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் அறிவியல் கல்வி நிறுவனங்களான புவனேஸ்வர் நைசர், மும்பை அடிப்படை அறிவியல் மையம் இரண்டிலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல். இன்னொன்று, ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு, ஐஏடி. திருவனந்தபுரம் ஐசர் உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துபோகலாம். இரண்டுக்கும் ப்ளஸ் டூ படிக்கும்போதே அறிவிப்பு வந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், கடைசித் தேதி போய்விட்டிருக்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பி.எஸ்சி. இயற்பியலோடு நிறுத்தினால் இந்தத் துறையில் பெரிய வேலை கிடையாது. எம்.எஸ்சி. வரை போக வேண்டும். ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டமும் சேர்த்து ஏறக்குறைய பத்து ஆண்டு. தங்கை படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கிற குடும்பத்துக்கு அது சுமைதான். அதனால் இடைவழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அணுமின் நிலையத்தை நடத்துவதில் இயற்பியல் படித்தவர்களைவிட மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், கெமிக்கல் இன்ஜினியர்களுக்குத்தான் இடம் அதிகம். நான்கு ஆண்டு இன்ஜினியரிங், அப்புறம் இன்ஜினியரிங் முடித்தவர்கள் எழுதும் கேட் தேர்வு, அந்த மதிப்பெண்ணை வைத்து அணுமின் கழகத்துக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம். கல்பாக்கத்திலேயே அந்தப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. பெயரில் 'நியூக்ளியர்' என்று இருக்கிற படிப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. மெக்கானிக்கலை ஒழுங்காகப் படித்தாலே போதும்.

மூன்றாவது வழியை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்: மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மருத்துவமனைகளில், எந்த நோயாளிக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணக்கிடுபவர் மருத்துவர் இல்லை, மருத்துவ இயற்பியலாளர். பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது. அதன் பிறகு மருத்துவமனைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஆறு தசம இடம் விடாமல் எழுதுகிற கை அங்கே தேவை. உங்கள் மகளிடம் நான் இதைச் சொன்னபோது ரொம்பப் பிடித்த மாதிரி தெரியவில்லை. அவளுக்கு இப்போதைக்கு மனசெல்லாம் உலையில்தான். இருக்கட்டும், பதினேழு வயதுதானே.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. உங்கள் வீட்டிலேயே அதில் இரண்டு கட்சி இருக்கும். நான் அதற்குள் போகவில்லை. வேலை பார்க்கிறவர்களின் பாதுகாப்பை மட்டும் சொல்கிறேன். கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை செய்பவர் சட்டையில் ஒரு பேட்ஜ் மாட்டியிருப்பார். அவர் வாங்கிய அளவை அது பதிவு செய்யும். உடல் வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் அளப்பார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அளந்து, எழுதி வைத்து, வரம்பு போட்டு வேலை செய்கிற இடம் என்று சொல்வேன்.

உங்கள் பிறந்த வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றீர்கள். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். தோரியம் சிதைந்து சிதைந்து வரும் வழியில் தாலியம்-208 என்று ஒன்று பிறந்து, 2.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை விடும். 1934-இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் சாட்விக்கும் கோல்ட்ஹேபர் என்ற இளைஞரும் தோரியத்திலிருந்து வரும் இதே காமாக் கதிரைக் கொண்டுதான் டியூட்ரானை உடைத்தார்கள். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் உள்ள அணுக்கரு அது, பிணைப்பாற்றல் 2.22. கிணறு ஆழமில்லை, 2.6 போதும். நீங்கள் சின்ன வயதில் ஓடி விளையாடிய மணலில் அந்தக் கதிர் அப்போதும் வந்துகொண்டிருந்தது. இதை பாப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களிடமிருந்து ஒரு பிசிக்ஸ் விஷயம் வந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த 1.02 யாருடையது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானும் சொல்லவில்லை. ரஃப் நோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் அவளுடைய வட்டத்துக்குக் கீழே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரும்பு-56: அணுவின் நிறை 55.934936, புரோட்டான் எண் 26. அடுத்த சனிக்கிழமை வரும்போது போட்டுக் கொண்டுவரட்டும், தப்பாக வந்தாலும் அழிக்க வேண்டாம். 492 என்று வந்திருந்தால் பிடித்துவிட்டாள். 479 என்று வந்திருந்தால் இன்னும் 26 எலக்ட்ரான்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் என்னோடு பேச ஒரு மணி நேரம் சேர்த்து ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.