பாதி விலைக்கு .25 பிஸ்டல்: வாங்கலாமா?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே இறால் பண்ணை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. புதிய .32 ரிவால்வர் வாங்குவதாக இருந்தேன். இப்போது ஒரு புரோக்கர், பழைய .25 போர் (குழல் துளை அளவு) வெப்ளி கம்பெனி பிஸ்டல் பாதி விலைக்கு இருக்கிறது என்கிறார். "யாரும் கேட்காத போர்ண்ணே, அதான் விலை கம்மி, வேலை எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி 25,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். .22 ரிவால்வரும் வாங்கித் தருவாராம். எதை வாங்குவது?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் திரும்பக் கேளுங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

யாரும் கேட்காத போர் என்பது மட்டும் ஒரு துப்பாக்கியை ஒதுக்கக் காரணமில்லை. அதற்குத் தோட்டா கிடைக்குமா என்பதுதான் கேள்வி. துப்பாக்கியை ஒருமுறை வாங்குகிறீர்கள், தோட்டாவை ஆயுள் முழுக்க வாங்க வேண்டும். நம் நாட்டில் சாதாரண லைசென்ஸ்காரருக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் பெரும்பாலும் .32தான். புனே அருகே கட்கியில் உள்ள அரசு ஆலை அதைச் செய்கிறது. சுழலும் சிலிண்டர் உள்ள ரிவால்வருக்கும், மேகசினிலிருந்து தோட்டா ஏறும் பிஸ்டலுக்கும் தனித்தனித் தோட்டா. .25க்கு அப்படி உள்நாட்டு வரத்து இல்லை. எப்போதோ ஒரு டீலர் வெளிநாட்டுச் சரக்கு இறக்கினால் உண்டு, அதுவும் அவர் சொன்ன விலைக்கு. இராமநாதபுரத்திலிருந்து மதுரை வரை போய், அங்கிருந்து சென்னைக்குப் போன் போட்டு, கடைசியில் கையில் இருப்பது ஆறு தோட்டா என்றால் அது பாதுகாப்பு ஆகாது. பயிற்சிக்குச் சுட்டுப் பார்க்கவே மனம் வராது. சுட்டுப் பார்க்காத பிஸ்டல் அவசரத்தில் ஓடுமா, சிக்குமா என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சோதிக்க ஒரே வழி, மூன்று டீலர்களை நீங்களே நேரில் கேட்பதுதான். "கிடைக்குமா?" என்று கேட்டால் "கிடைக்கும்" என்றுதான் சொல்வார்கள். "இன்றைக்குக் கையிருப்பு எத்தனை, எந்தத் தயாரிப்பு, 50 தோட்டாப் பெட்டி என்ன விலை, பெட்டியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மூவரில் இருவர் பெட்டியை மேசை மேல் வைத்தால் அந்தப் போர் பிழைக்கும்.

புரோக்கர் அடுத்து என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததே. "20 தோட்டா கூடவே தர்றேன்" என்பார். அந்தத் தோட்டா உங்கள் லைசென்ஸில் ஏறாமல் கைக்கு வந்தால் அதுவே குற்றம். போதாக்குறைக்கு அது எத்தனை ஆண்டு எந்த அலமாரியில் கிடந்ததோ. பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உள்ளே தீப்பொறி தரும் கேப்பும் மருந்தும் ஈரம் கண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வெப்ளியின் .25 பிஸ்டல்கள் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்துச் சரக்கு. மேகசின் ஸ்பிரிங், ரிகாயில் (பின்னுதைப்பு) ஸ்பிரிங், கேப்பை அடிக்கும் ஃபயரிங் பின் மூன்றுக்கும் இங்கே உதிரி பாகம் கிடைப்பது அரிது. லேத்தில் கடைந்து போட்ட ஃபயரிங் பின் நீளம் கூடினால் கேப்பைத் துளைக்கும், குறைந்தால் வெடிக்காது. வெடித்தாலும் .25 தோட்டாவின் ஆற்றல் ஏறக்குறைய 90 ஜூல். .32 ரிவால்வர் தோட்டாவுக்கு 150 பக்கம் வரும். பழசும் உதிரி இல்லாததும் தோட்டா கிடைக்காததும் ஒன்றுசேர்ந்துதான் விலை பாதியாகியிருக்கிறது.

.22 ரிவால்வரை அப்படி ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். இஷாப்பூர் ஆலையின் 'நிடர்' எட்டுத் தோட்டா பிடிக்கும், மிக லேசானது. உதைப்பு இல்லாததால் கை நடுங்குபவரும் பழகலாம். துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக்காரர்கள் இருப்பதால் தோட்டாவுக்கும் வரத்து உண்டு. ஆனால் .22இல் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அடிக்கும் இடத்தில் மருந்து படியாமல் போனால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். .32இல் நடுவில் தனிக் கேப் இருப்பதால் இந்தக் கோளாறு குறைவு. .25ஐ 1905இல் ஜான் பிரௌனிங் உருவாக்கியதே .22இன் இந்தக் குறைக்கு மாற்றாகத்தான். .22 வெடிக்காமல் நின்றாலும், ரிவால்வராக இருந்தால் மறுபடி விசையை இழுக்க அடுத்த தோட்டா வந்துவிடும். ஆகவே .22 வாங்கினால் ரிவால்வராக வாங்குங்கள், பிஸ்டல் வேண்டாம். வெறும் துப்பாக்கியில் விசையை இழுத்து விளையாடவும் கூடாது. ஃபயரிங் பின் நேராகச் சிலிண்டர் விளிம்பில் அடித்துப் பள்ளம் போடும், பிறகு தோட்டா நுழையாது.

உங்களுக்கு என் பரிந்துரை .32 ரிவால்வர். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ".32 தோட்டா" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ரிவால்வர் தோட்டா நீளமானது, அழுத்தம் குறைந்தது. பிஸ்டல் தோட்டா குட்டையானது, அழுத்தம் அதிகம். சில ரிவால்வர்களில் பிஸ்டல் தோட்டாவும் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டதே என்று சுடுவதில்தான் ஆபத்து. பெட்டியில் 'ரிவால்வர்' என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். 'ரிவால்வர்' என்று மட்டும் இருந்தால் பிஸ்டல் வாங்கத் தனி அனுமதி வேண்டும். 9 மி.மீ., .45, .455 போன்றவை தடை செய்யப்பட்ட போர். அவற்றைப் பற்றி எந்தப் புரோக்கர் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய .32தான் கைக்கு எட்டும் விலை என்றால், டீலர் முன்னிலையில், தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு பாருங்கள். ஹேமரை (பின்புறச் சுத்தியை) மெல்லப் பின்னுக்கு இழுங்கள், அது நிற்கும்போது சிலிண்டரும் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் பெருவிரலால் ஹேமரைப் பின்னிருந்து தள்ளுங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். சிலிண்டர் முன்பின்னாக ஆடினாலும் வேண்டாம். நம் அரசு ஆலை .32களில் பெரும்பாலானவை நடுவில் மடிந்து திறப்பவை, ஆகவே மேலே உள்ள கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டால் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். குழி குழியாகத் தெரிந்தால் கடல் காற்று ஏற்கெனவே தின்ற துப்பாக்கி அது. குழல் வாயில் இரட்டை வளையம்போல் கோடு தெரிந்தால் உள்ளே வேறு குழல் ஏற்றிப் போரை மாற்றியிருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

'வெளிநாட்டிலிருந்து வந்தது' என்ற கதை இந்தக் கடற்கரையில் நன்றாக விலைபோகும். தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை வாங்கி இறக்குமதி செய்யும் வழி 1980களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. சுற்றில் இருக்கும் வெளிநாட்டுச் சரக்கு பெரும்பாலும் அதற்கு முந்தையது, ஒவ்வொரு கைமாற்றமும் லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை என்றாலும், சீரியல் எண் தேய்ந்திருந்தாலும் அது கள்ளச் சரக்கு என்றே கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. "வேற மாநிலத்துல லைசென்ஸ் போட்டுத் தர்றேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சம் லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. விசாரித்தது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் 'உண்மையான முத்திரை' என்றுதான் நம்பியிருப்பார்கள். இந்த ஆட்களுக்கு வழிவிடுவது அலுவலகங்களின் தாமதம்தான். விண்ணப்பம் தாசில்தார், காவல் நிலையம், எஸ்.பி. அலுவலகம், கலெக்டர் அலுவலகம் என்று சுற்றுகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிடலாமே. மூன்று ஆண்டு இழுத்தடித்தால் மனிதன் புரோக்கரிடம்தான் போவான்.

.25ஐ வைத்துக்கொள்ளச் சொல்வேன் என்றால் ஒரே ஒரு நிலையில்தான்: அது உங்கள் அப்பாவின் பிஸ்டலாக இருந்தால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழக்கரையிலும் இராமநாதபுரத்திலும் பழைய வீடுகளில் இப்படிப்பட்டவை இன்னும் இருக்கின்றன. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு மட்டும்தான் வாரிசுக்கு மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே உயிரோடு இருக்கும்போது வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தால் பாதித் தலைவலி தீரும். இறந்த பிறகு என்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபமில்லை என்ற பிரமாணப் பத்திரம் எல்லாம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருவர் கையெழுத்துப் போடத் தாமதித்தால் எல்லாம் நிற்கும். அதுவரை துப்பாக்கியை வீட்டு அலமாரியில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்க வேண்டும். 'அப்பா காலத்துப் பொருள், யார் கேட்கப் போகிறார்கள்' என்று வைத்திருப்பவர்கள் பிறகு வழக்கில் நிற்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் மறக்காதீர்கள். அப்பாவின் .25 அதில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், காவலுக்கு மற்றொன்றில் .32 வைத்துக்கொள்ளலாம். நினைவுக்காக .25ஐ வைத்திருப்பது நியாயம். காசு கொடுத்து அந்நியர் பிஸ்டலுக்கு அந்த இடத்தைத் தருவது நியாயமில்லை.

எதை வாங்கினாலும் உங்கள் முதல் எதிரி உப்புக் காற்று. கடல் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியே உரிகிறதே, துப்பாக்கி எம்மாத்திரம். தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்து இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துச் செல்லும்போது மட்டும் உறை. வீட்டில், மூடி இறுக்கமான பெட்டிக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, மாதம் ஒருமுறை பையைக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். வாரம் ஒருமுறை துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், விரல் ரேகை படிந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாகி விசையை இறுக்கும். நிக்கல் பூச்சு துருப்பிடிக்காது என்று நம்பி ஏமாறாதீர்கள். பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அடியில் துரு பரவி பூச்சையே தூக்கிவிடும். தோட்டாவின் மேல் எண்ணெய் படவே கூடாது. துரு நீக்கத் தெளிக்கும் எண்ணெய் கேப்புக்குள் கசிந்து மருந்தை அணைத்துவிடலாம், .22இல் இது இன்னும் சுலபம். தோட்டாவைத் தனி டப்பாவில், வாங்கிய தேதி எழுதி வையுங்கள். பயிற்சிக்குப் பழையதை முதலில் செலவழியுங்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே அது சாக்கில் சுற்றி ஈரச் சுவர் ஓரம் வாரக்கணக்கில் கிடக்கும். யார் கழற்றித் துடைக்கப் போகிறார்கள்? ஒப்படைக்கும் முன் குழல் உள்ளும் புறமும் கெட்டியாக கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, தோட்டாவைத் தனியே எண்ணிக் கொடுத்து ரசீதில் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கியதும் கிரீஸைக் குழலிலிருந்து முழுக்க எடுத்த பிறகே தோட்டா போட வேண்டும். அடைத்த குழலில் சுட்டால் குழல் வீங்கும்.

இரவில் பண்ணையில் நீங்கள் இல்லாதபோது காவலாளியிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தால் அதை விடுங்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில், துப்பாக்கி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். குளத்தில் இறங்கும் நாரை, கொக்கை விரட்டவும் அதை எடுக்காதீர்கள், அது வனத்துறை வழக்கு. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் படகில் போகும்போதும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

நாளைக்கே மதுரைக்குப் போங்கள். டீலரிடம் லைசென்ஸைக் காட்டி, .32 ரிவால்வரின் சீரியல் எண்ணும், அதோடு வாங்கும் தோட்டாவின் எண்ணிக்கையும் லைசென்ஸில் ஏறி, டீலரின் முத்திரையும் கையெழுத்தும் விழுந்த பிறகே கடையை விட்டு வெளியே வாருங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் தாளில் உள்ள எண்ணையும் கடைக்குள்ளேயே ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறி எழுதப்பட்டால் அதைத் திருத்த மறுபடி கலெக்டர் அலுவலகம் அலைய வேண்டியிருக்கும்.