பழைய தேக்கும் பிஸ்கட் ஜாயினரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்குப் பலகைகளை இழைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சாப்பாட்டு மேசை செய்ய எண்ணியுள்ளேன். இழைத்த பின் 25 மி.மீ. கனம் இருக்கும். மூட்டு உறுதியாக இருக்க, விளிம்புகளில் பள்ளம் வெட்டி ‘பிஸ்கட்’ என்னும் மெல்லிய மரத்துண்டைச் செருக உதவும் பிஸ்கட் ஜாயினர் கருவியை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். பசையே போதும் என்கிறார் எங்கள் ஆசாரி. யார் சொல்வது சரி? (தேவகோட்டை வாசகர்)

பதில்: உறுதியைப் பொறுத்தவரை ஆசாரி சொல்வதே சரி. நாரோட்டம் ஒரே திசையில் இருக்கும் இரண்டு பலகைகளின் விளிம்புகளை நேராக இழைத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினால், அந்த மூட்டே மரத்தின் அளவுக்கு உறுதியாகிவிடும். பிஸ்கட் அதற்கு மேல் சேர்ப்பது மிகக் குறைவு. அதன் உண்மையான பயன் வேறு. கிளாம்பை இறுக்கும்போது பசையின் வழுக்கலில் ஒரு பலகை மேலேறி மற்றொன்று கீழிறங்கும் அல்லவா, அதைத் தடுத்து மேற்பரப்புகளை ஒரே மட்டத்தில் நிறுத்துவதுதான் அது. நீண்ட மேசைப் பலகைக்கு இது சிறிய உதவி அன்று. ஆனால் ஒரே ஒரு மேசைக்காக இந்தக் கருவியை வாங்க வேண்டியதில்லை. பிளைவுட்டிலும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் அலமாரிகள் அடிக்கடி செய்பவருக்கே அது போட்ட காசை மீட்டுத் தரும்.

வாங்குவதானாலோ இரவல் பெறுவதானாலோ, வேலை செய்யும் முறையை அறிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 100 மி.மீ. விட்டமுள்ள சிறிய வட்ட பிளேடு, 4 மி.மீ. அகலத்தில் பிறை வடிவப் பள்ளம் வெட்டும். அதில் செருகும் பிஸ்கட், நன்கு அழுத்திய பீச் மரத்தால் ஆனது. தன்னிலேயே தண்ணீர் உள்ள வெள்ளைப் பசை பட்டதும் உப்பிப் பள்ளத்தை இறுகப் பற்றும். இரண்டு கூறுகளைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையில் தண்ணீர் இல்லாததால் அந்த உப்பல் நிகழாது. 0, 10, 20 என்னும் மூன்று அளவுகளே வழக்கத்தில் உள்ளவை. இருபதாம் எண் 56 மி.மீ. நீளமும் 23 மி.மீ. அகலமும் கொண்டது, உங்கள் மேசைக்கு அதுவே பொருத்தம்.

இரு பலகைகளையும் சேர்த்து வைத்து, மூட்டுக்குக் குறுக்கே 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் பென்சில் கோடுகள் இடுங்கள். முனையிலிருந்து ஓர் அரைச் சாண் உள்ளே தள்ளியே முதல் கோடு விழட்டும். ஒவ்வொரு பலகையின் மேல்முகத்தையும் அடையாளமிட்டு, கருவியின் வழிகாட்டித் தகட்டை இரண்டிலும் அந்த மேல்முகத்தின் மீதே அழுத்தி வெட்டுவது மிக முக்கியம். ஒன்றில் மேல்முகமும் மற்றொன்றில் அடிமுகமும் ஆதாரமானால், கனத்தில் உள்ள சிறு வேறுபாடும் படிக்கட்டுப் போல வெளியே தெரியும். பிளேடு முழு வேகம் எட்டிய பிறகே மெல்ல உள்ளே தள்ளுங்கள். பள்ளம் பிஸ்கட்டை விடச் சற்று நீளமாக அமைவதால், பக்கவாட்டில் சில மி.மீ. நகர்த்திச் சரிசெய்ய இடம் இருக்கும். மேலும் கீழும் அந்தச் சலுகை கிடையாது.

பழைய வீட்டுத் தேக்கில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது ஆணி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக வாங்கிய மரமானாலும், உங்கள் வீட்டு மரமானாலும், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி பிளேடின் பல்லைப் பெயர்த்துவிடும். வலுவான காந்தத்தை விளிம்பெங்கும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, பசையைச் சரியாகப் பிடிக்கவிடாத தேக்கின் எண்ணெய். இழைத்த அன்றே ஒட்டுங்கள். அதற்கு முன் அசிட்டோன் தோய்த்த துணியால் விளிம்பைத் துடைத்து உலரவிடுங்கள்.

கேள்வி: பலகைகளை ஒட்டி இழைத்துப் பாலிஷ் போட்ட சில வாரங்களில், பிஸ்கட் இருந்த இடங்களில் எல்லாம் நீள்வட்டப் பள்ளங்கள் தெரிகின்றன. பிஸ்கட் மட்டமானதா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: பிஸ்கட்டைக் குறை சொல்வதற்கில்லை, அவசரமே காரணம். பசையின் ஈரத்தில் பிஸ்கட்டும் அதைச் சுற்றிய மரமும் உப்பி நிற்கும்போதே இழைத்துவிட்டால், உப்பிய பகுதி மட்டும் கூடுதலாகத் தேய்ந்துபோகிறது. ஈரம் வடிந்து மரம் சுருங்கியதும் அந்த இடம் பள்ளமாகிவிடுகிறது. ஒட்டிய பலகையைச் சில நாள்கள் ஆறப் போட்ட பின்னரே இழைக்க வேண்டும். பிஸ்கட் செருகும் பள்ளம் மேல்முகத்துக்கு மிக அருகில் வராமல், கனத்தின் நடுவில் வெட்டுவதும் நல்லது. இப்போது செய்யக்கூடியது, மீண்டும் மட்டமாக இழைத்து மறுபடி பாலிஷ் போடுவதுதான். மிஞ்சிய பிஸ்கட்டுகளை இறுக்கமான மூடியுள்ள பலகார டப்பாவில் வையுங்கள், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு. காற்றின் ஈரத்திலேயே அவை உப்பினால் பள்ளத்தில் நுழையா.

கேள்வி: கருவி வாங்காமல், இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில் மரம் வெட்டும் பல் பிளேடு மாட்டிப் பள்ளம் எடுக்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கூடாது. பிளேடு மரத்தில் கவ்வினால் கிரைண்டர் கையை உதறிக்கொண்டு திரும்பி வரும். மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டர் இருந்தால், 4 மி.மீ. பள்ளம் வெட்டும் பிட் மாட்டி அதே வேலையைச் செய்யலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

கேள்வி: நாற்காலிக் கால்களையும் பிஸ்கட் வைத்தே இணைக்கலாமா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: வேண்டாம். உட்காருபவர் பின்னால் சாயும்போதெல்லாம் அந்த மூட்டு நெம்பப்படுகிறது. மெல்லிய பிஸ்கட் அதைத் தாங்காது. ஒரு துண்டில் துளையும் மற்றதில் அதற்குள் ஆழமாக நுழையும் நாக்கும் செதுக்கிச் சேர்க்கும் பழைய முறையையே கைக்கொள்ளுங்கள்.