ஜமாஅத் சீல் நிக்காஹ்வுக்குச் செல்லும், குலாவுக்கு?

கேள்வி: கணவர் பெங்களூருக்குப் போய் மூன்று வருடமாகிறது, ஒரு பைசா அனுப்பவில்லை. போன வருடம் எங்கள் ஜமாஅத்தில் (பள்ளிவாசல் நிர்வாகத்தில்) குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்டு, சீல் போட்ட கடிதம் வாங்கிவிட்டேன். வீட்டில் மறுமணம் பேசுகிறார்கள். இந்தக் கடிதம் போதுமா? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: போதாது. குலா கேட்பது உங்கள் உரிமை, அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் குலா ஆகிவிட்டது என்று சான்று தர ஜமாஅத்துக்கோ ஷரீஅத் கவுன்சிலுக்கோ அதிகாரம் இல்லை. ஒரு கவுன்சில் 2017-ல் கொடுத்த குலா சான்றை 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்து, குடும்ப நல நீதிமன்றத்துக்கோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ போகச் சொன்னது. அரசு நியமித்த காஜியின் (முஸ்லிம் திருமணங்களை நடத்திவைப்பவர்) கடிதமும் அப்படித்தான். 1880-ம் வருடக் காஜிகள் சட்டமே அவருக்கு நீதிபதி அதிகாரம் தரவில்லை.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இதே ஜமாஅத் சீல் நிக்காஹ்வுக்குச் செல்லும். தஃப்தரில் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேட்டில்) எழுதிய பதிவைத் திருமணம் நடந்ததற்கு ஆதாரமாகச் சார்பதிவாளரிடம் காட்டலாம். சேர்த்துவைக்கும்போது செல்லும் சீல் பிரிக்கும்போது செல்லாது. இதை மக்களுக்குச் சொல்ல ஓர் ஆளில்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் கிடக்கிறது. சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலும் பள்ளிவாசல் பலகையிலும் தமிழிலும் உருதுவிலும் இரண்டு வரி எழுதி ஒட்ட என்ன செலவாகிவிடும்?

அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். பாரிமுனைப் பக்கம் "ஒரே நாளில் நோட்டரி டைவர்ஸ்" என்பார்கள். முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டரி சீல் குத்தினால் மட்டும் அது கோர்ட் தீர்ப்பு ஆகிவிடாது. "கேரளாவில் கோர்ட் இல்லாமலே குலா செல்லும்" என்று வாட்ஸப்பில் சுற்றுவது 2021-ம் வருடக் கேரள உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அது இங்குள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதைக் காட்டிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்து, பழைய கணவர் புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 82-ம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு.

உயர்நீதிமன்ற வளாகத்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரே மனுவில் இரண்டு கோரிக்கை வையுங்கள்: குலாவால் திருமணம் முடிந்துவிட்டதாக அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் 1939-ம் வருட முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டப்படி கலைக்க வேண்டும். இரண்டு வருடம் ஜீவனாம்சம் தராததே அந்தச் சட்டத்தில் போதிய காரணம். தஃப்தர் நகல், ஆதார், பேங்க் பாஸ்புக் வேண்டும். ஜமாஅத் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள், குலா கேட்டதற்கு அது சாட்சி.

வழக்கு இழுப்பது பெரும்பாலும் முகவரியில்தான். பழைய வீட்டு முகவரியை எழுதினால் சம்மன் திரும்பிவரும், வாய்தா மேல் வாய்தா விழும். அவர் வேலை பார்க்கும் இடம், பெற்றோர் வீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

இத்தாவை (மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்க வேண்டிய காலத்தை) எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதை உங்கள் மத்ஹபு (சட்டப்பிரிவு) ஹழ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள், அதில் ஒரு நகலைப் புது நிக்காஹ்வை எழுதும் ஜமாஅத் கேட்கும்.